வீடில்லாத குடிநோயாளிக்கு, மருத்துவமனைக்குப் பிறகு என்ன?

நீங்கள் கேட்டிருப்பது இது: கும்பகோணத்தில் பேருந்து நிலையம், ரயில் நிலையம் பக்கம் படுத்திருப்பவர்களுக்குச் சில பேர் சேர்ந்து இரவுச் சாப்பாடு கொடுத்துவருகிறீர்கள். அதில் நாற்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒருவர், வேதாரண்யம் பக்கத்துக்காரர், “குடியை விட்டுடறேன், எங்கேயாவது சேர்த்துவிடுங்க” என்கிறார். தனியார் மையம் ஒன்றில் விசாரித்தால் மாதக் கட்டணமும் வேண்டும், குடும்பத்தார் கையெழுத்தும் வேண்டும் என்கிறார்கள். இதற்கிடையில் பாபநாசம் பக்கம் பூட்டிக்கிடக்கும் பழைய வீடு ஒன்றைத் தர அதன் உரிமையாளர் தயாராக இருக்கிறார். அதில் இப்படிப்பட்ட ஆண்களுக்கு நீங்களே ஓர் இல்லம் தொடங்கலாமா?

அவரை முதலில் அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப்போங்கள். இல்லம் தொடங்குவதும் நல்ல யோசனைதான். ஆனால் அது குடியை நிறுத்தவைக்கும் இடமாக வேண்டாம். நிறுத்தியவர் அடுத்த ஆறு மாதமோ ஒரு வருடமோ காலூன்றி இருக்கும் இடமாக இருக்கட்டும். டெல்டாவில் பெரிய குறை அங்கேதான். மருந்து கொடுத்து நடுக்கத்தை நிறுத்த மருத்துவமனைகள் இருக்கின்றன. நடுக்கம் நின்றபின் அந்த மனிதர் எங்கே போய்ப் படுப்பார் என்பதற்குத்தான் பெரும்பாலும் பதில் இருப்பதில்லை. குடிநோயாளிகளோடு பல வருடமாக வேலை செய்கிறவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன்.

முதலில் அவருடைய உடம்பைப் பார்ப்போம். தினமும் குடிக்கிறவரை, “இன்றிலிருந்து தொடாதே” என்று சத்தியம் வாங்கி ஓர் அறையில் உட்காரவைப்பது ஆபத்தான காரியம். கடைசியாகக் குடித்து ஆறு மணி நேரம் கழிந்ததும் கை நடுங்கத் தொடங்கும், வியர்க்கும், குமட்டும். முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம், மூன்றாம் நாள்தான் இன்னும் மோசம். இல்லாத பூச்சியைப் போர்வையிலிருந்து எடுத்துப் போட்டுக்கொண்டிருப்பார். சுவரைக் காட்டி, “அவனைப் போகச் சொல்லுங்க” என்பார். கொத்தனார் வேலை செய்தவர் என்றால் வெறுங்கையால் கரண்டி பிடித்துப் பூசிக்கொண்டே இருப்பார், நேரம் போவது தெரியாது. பார்க்கிறவர்கள் பேய் பிடித்துவிட்டது என்றும் பைத்தியம் என்றும் நினைத்து, வேறு எங்கோ அழைத்துப் போய்விடுகிறார்கள். இது குடி திடீரென நின்றதால் மூளையில் வருகிற குழப்பம். மருத்துவம் இல்லாமல் விட்டால் உயிர் போகலாம். உரிய நேரத்தில் டயஸிபாம், லோராசிபாம் போன்ற மருந்துகளை மருத்துவர் அளவு பார்த்துக் கொடுத்துப் படிப்படியாகக் குறைத்தால், ஒரு வாரம் பத்து நாளில் கடந்துவிடலாம்.

வீடில்லாதவருக்கு இன்னும் சில ஆபத்துகள் சேர்ந்து வரும். சாப்பாடு ஒழுங்காக இல்லாததால் தயமின் என்னும் பி1 வைட்டமின் உடம்பில் வற்றிப்போயிருக்கும். அந்த நிலையில் தயமின் ஊசி போடாமல் குளுக்கோஸ் பாட்டிலை மட்டும் ஏற்றினால், மூளைப் பாதிப்பு வரவோ முற்றவோ வழியுண்டு. நடை தள்ளாட்டம், கண் ஓரிடத்தில் நிற்காமல் ஆடுவது, மறதி எல்லாம் அதன் அறிகுறிகள். சில பேருக்கு அந்த மறதி நிரந்தரமாகத் தங்கிவிடும். நடைமேடையில் விழுந்து தலையில் அடிபட்டிருக்கலாம். உள்ளே மெல்ல ரத்தம் கசிவதைப் போதை மயக்கம் என்றே எல்லோரும் நினைத்துக்கொண்டிருப்பார்கள். காசநோயும் மறைந்திருக்கக்கூடும். ஆகையால் மருத்துவரிடம் நீங்கள் சொல்ல வேண்டியவை: கடைசியாக எப்போது குடித்தார், ஒரு நாளைக்கு எவ்வளவு, முன்பு நிறுத்தியபோது ஃபிட்ஸ் வந்ததா, சமீபத்தில் விழுந்தாரா, ஒழுங்காகச் சாப்பிட்டு எத்தனை நாள் ஆயிற்று. இதை ஒரு தாளில் எழுதிக் கொண்டுபோங்கள். வரிசையில் நிற்கும்போது பாதி மறந்துபோகும். கூட்டிப்போவதற்கு முன்னால் குடியை நிறுத்தச் சொல்லாதீர்கள். வலிப்போ குழப்பமோ வந்துவிட்டால் யோசிக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள்.

எங்கே போவது? கும்பகோணத்திலேயே அரசுத் தலைமை மருத்துவமனை இருக்கிறது. மனநலப் பிரிவு வேண்டுமென்றால் தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை ஒரு மணி நேரப் பேருந்துப் பயணம். திருச்சி, திருவாரூர், நாகப்பட்டினம் அரசு மருத்துவக் கல்லூரிகளும் டெல்டாவுக்குள்தான் வருகின்றன. ‘கலங்கரை’ என்ற பெயரில் போதை மீட்புச் சிகிச்சை மையங்களை 2025-இல் அரசு தொடங்கியிருக்கிறது. உங்களுக்கு அருகில் இருப்பது எது என்று அரசின் மருத்துவ ஆலோசனை எண் 104-இல் கேட்டுக்கொள்ளலாம். மத்திய சமூகநீதி அமைச்சகத்தின் நிதியில் தொண்டு நிறுவனங்கள் நடத்தும் மறுவாழ்வு மையங்களில் சிகிச்சைக்குக் கட்டணம் கிடையாது. அந்த விவரத்துக்கு 14446. மனநலம் பற்றி எந்த நேரத்திலும் பேச டெலி மானஸ் 14416.

குடும்பத்தார் கையெழுத்து விஷயத்தில் உங்களுக்குச் சொல்லப்பட்டது சரியில்லை. 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம், மது, போதைப் பழக்கத்தால் வரும் மனநிலைக் கோளாறுகளையும் மனநோய் என்ற வரையறைக்குள் கொண்டுவருகிறது. தானாக விரும்பிச் சேரும் வயதுவந்தவர், தெளிவாக முடிவெடுக்கும் நிலையில் இருந்தால், அவர் கையெழுத்தே போதும். தனக்கான பிரதிநிதியாக அவர் நம்புகிற எந்த வயதுவந்தவரையும், நீங்கள் சம்மதித்தால் உங்களையும்கூட, எழுத்தில் நியமித்துக்கொள்ளலாம். அந்தச் சட்டத்தின் 18-ஆம் பிரிவு இன்னொன்றும் சொல்கிறது: வீடற்றவருக்கும் ஆதரவற்றவருக்கும், வறுமைக்கோட்டு அட்டை கையில் இருந்தாலும் இல்லாவிட்டாலும், அரசு நடத்துகிற அல்லது அரசு நிதியில் இயங்குகிற மனநல நிலையங்களில் சிகிச்சை முழுக்க இலவசம். இதை வைத்து வார்டில் சண்டைபோடச் சொல்லவில்லை. பணிவாகச் சொல்லிப் பாருங்கள், பெரும்பாலும் வழி பிறக்கும்.

நடைமுறையில் வழி மறிப்பது வேறொன்று. “அட்டெண்டர் யாரு?” என்று கேட்பார்கள். பக்கத்தில் இருந்து மாத்திரை வாங்கிவர, ஸ்கேனுக்குத் தள்ளிக்கொண்டு போக, இரவில் அவர் எழுந்து ஓடாமல் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். ஆள் இல்லாதவரை வார்டில் வைத்துச் சமாளிப்பது செவிலியர்களுக்கும் கஷ்டம்தான், அவர்களையும் குறை சொல்ல முடியாது. உங்கள் குழுவில் நான்கைந்து பேர் முறை வைத்து அந்த ஒரு வாரம் கூட இருந்தால், அதைவிடப் பெரிய உதவி எதுவும் இல்லை. இல்லம் கட்டுவதைப் பற்றிப் பேசுகிற பலர் இதைச் செய்ய முன்வருவதில்லை. இதைச் செய்தவர்கள் நடத்தும் இல்லம் நன்றாக இருக்கும் என்பது என் எண்ணம்.

தனியார் மையங்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. நல்ல மையங்கள் உண்டு. பொல்லாத மையங்களும் உண்டு. மாநில மனநல ஆணையத்தின் பதிவுச் சான்று இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். வேனில் வந்து ஆளை அமுக்கிப் பிடித்துக்கொண்டு போகிறோம் என்பவர்கள், முதல் மூன்று மாதம் யாரும் பார்க்கக் கூடாது என்பவர்கள், வந்தவுடன் மொட்டை போடுகிறவர்கள், இவர்கள் பக்கம் போகவே வேண்டாம். கட்டாய மொட்டையையும் கட்டாய வேலையையும் மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 20-ஆம் பிரிவு தடுக்கிறது. சங்கிலியால் கட்டுவதை 95-ஆம் பிரிவு தடைசெய்கிறது. ஏர்வாடியில் மனநோயாளிகளை வைத்திருந்த ஓர் இல்லத்தில், 2001 ஆகஸ்ட் 6 அதிகாலையில், சங்கிலியில் கட்டப்பட்டிருந்தவர்கள் ஓட வழியில்லாமல் தீயில் கருகியது நம் மாநிலத்தில்தான். ஆளைப் பூட்டிவைத்துக் குணப்படுத்துகிறோம் என்று எவர் சொன்னாலும் எனக்கு அதுதான் நினைவுக்கு வரும். உங்கள் பாபநாசம் வீட்டிலும் வெளிக்கதவுக்கு உள்ளிருந்து திறக்கிற தாழ்ப்பாள் மட்டும் இருக்கட்டும்.

இனி முக்கியமான பகுதிக்கு வருகிறேன். டிஸ்சார்ஜ் ஆகும் நாள்.

வீடு இருக்கிற குடிநோயாளி வெளியே வந்தால் திட்டவாவது ஒரு மனைவி, அழவாவது ஓர் அம்மா, படுக்க ஒரு திண்ணை இருக்கும். வீடில்லாதவர் மாத்திரைச் சீட்டோடு அதே பேருந்து நிலையத்துக்கு வருகிறார். அங்கே கொசு, மார்கழியில் பனி, இரவில் லத்தியால் தட்டி எழுப்புகிற போலீஸ், தூங்கும்போது செருப்பையும் பையையும் அடித்துக்கொண்டு போகிறவர்கள். தெருவில் குடி என்பது தூக்க மாத்திரை, போர்வை, கூட்டாளி எல்லாமும்தான். பழைய ஆட்கள், “வாண்ணே, ஒரு கட்டிங் போடு” என்பது கெடுக்க வேண்டுமென்று இல்லை, பாசத்தில்தான். அவரால் எத்தனை இரவு மறுக்க முடியும்? வைராக்கியம் இல்லாதவன், திருந்தாத ஜென்மம் என்று பிறகு நாம் பேசுகிறோம். பத்து நாள் மருத்துவம் பார்த்துவிட்டு நோய் வந்த இடத்திலேயே கொண்டுபோய் விட்டது நாம்.

நம் பக்கத்து வேலையின் தன்மையும் இதில் சேர்கிறது. ஜூன் 12-இல் மேட்டூர் திறந்து தண்ணீர் வந்தால் குறுவைக்கு வேலை. தை, மாசியில் சம்பா அறுவடை. முன்பு ஆள் வைத்து அறுத்த வயலில் இப்போது இயந்திரம் ஒரு மணி நேரத்தில் முடித்துவிட்டுப் போகிறது. பங்குனி, சித்திரையில் கையில் ஒன்றும் இருக்காது. அப்போது திருப்பூருக்கும் சென்னைக்கும் போனவர்களில் சிலர் குடியோடு திரும்பி, ஊருக்குள் போக வெட்கப்பட்டுக் கும்பகோணத்திலோ தஞ்சாவூரிலோ இறங்கி அங்கேயே தங்கிவிடுகிறார்கள். உங்கள் வேதாரண்யத்துக்காரருக்கு என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது. ஆனால் 2018 நவம்பர் 16-இல் கஜா புயல் தென்னையைச் சாய்த்துவிட்டுப் போனபின், அந்தப் பக்கத்தில் தேங்காய் உரித்தும் மட்டை முடைந்தும் பிழைத்தவர்களின் வாழ்க்கை எப்படிப் புரண்டது என்பது நாம் எல்லோரும் பார்த்ததுதான். அவரிடம் நிதானமாகக் கேளுங்கள். குடிக்கு முன்னால் அவருக்கு ஒரு தொழில் இருந்திருக்கும். அதைப் பற்றிப் பேசும்போது முகம் மாறும்.

அதனால் இல்லம் எப்படி இருக்க வேண்டும் என்றால், சின்னதாக இருக்க வேண்டும். எட்டுப் பேர், அதிகம் போனால் பத்துப் பேர். ஒவ்வொருவருக்கும் ஒரு கட்டில், பூட்டுப்போட்ட ஒரு பெட்டி, அதன் சாவி அவர் கையிலேயே. இது அற்பமான விஷயமாகத் தோன்றலாம். வருடக்கணக்கில் எதையும் ஓரிடத்தில் வைத்துவிட்டுப் போக முடியாமல், பையைத் தலைக்கு வைத்துத் தூங்கிய மனிதர் முதல் வாரம் அந்தச் சாவியை அரைஞாண் கயிற்றில் கட்டிக்கொண்டு, சும்மா சும்மா போய்ப் பெட்டியைத் திறந்து பார்ப்பார். உள்ளே இருப்பது ஒரு வேட்டி, ஒரு சோப்பு, மாத்திரை அட்டை. அந்தத் திறந்து பார்த்தல் குறைகிற சமயத்தில்தான் இரவுத் தூக்கமும் ஒழுங்குக்கு வரும்.

இடம் ஊருக்கு வெகு வெளியே வயல் நடுவில் இருந்தால் நல்லது என்று பலர் நினைக்கிறார்கள். நான் அப்படிச் சொல்ல மாட்டேன். மருத்துவமனை, வேலை, பேருந்து மூன்றும் எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். டாஸ்மாக் இல்லாத ஊர் தேடினால் கிடைக்காது. கிழக்கே போனால் காரைக்காலில் சாராயக்கடையே உரிமம் வாங்கி நடக்கிறது. கடை இருக்கிற உலகத்தில்தான் அவர் வாழப்போகிறார். கடைப் பக்கம் போகாமல் வேலைக்குப் போய்வர ஒரு மாற்றுப் பாதை இருக்கிறதா என்று பாருங்கள், அது போதும்.

சட்டப்படி ஒன்றைக் கவனிக்க வேண்டும். “சிகிச்சை எதுவும் தரவில்லை, தங்கவைக்கிறோம், அவ்வளவுதான்” என்று சொல்லித் தப்ப முடியாது. மனநோய் உள்ளவரைத் தேறிவரவோ மறுவாழ்வுக்காகவோ தற்காலிகமாகத் தங்கவைக்கும் இடமும் மனநல நிலையம் என்றே மனநலப் பராமரிப்புச் சட்டம் சொல்கிறது, ஆகவே பதிவு தேவை. அறக்கட்டளையாகவோ சங்கமாகவோ பதிந்துகொண்டு, மாவட்ட மனநலத் திட்டத்தின் மருத்துவரைப் போய்ப் பாருங்கள். அவர் மாதம் ஒருமுறை வர ஒப்புக்கொண்டாலே பாதி வேலை நடந்த மாதிரி. மாநகராட்சி மூலம் நடக்கும் நகர்ப்புற வீடற்றோர் தங்கும் விடுதித் திட்டமும் உண்டு. லட்சம் மக்கள்தொகைக்கு ஒரு விடுதியாவது வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2010-இலேயே உத்தரவிட்டிருக்கிறது. அந்த விடுதியோடு தொடர்பில் இருந்தால் உங்களிடம் இடம் இல்லாத நாளில் ஒருவரை அங்கே அனுப்பலாம்.

ஒரு நாள் எப்படிப் போக வேண்டும்? காலையில் கஞ்சியோ இட்லியோ, மாத்திரை, பிறகு வேலை. இதில் சிக்கல் ஒன்றும் இல்லை. சிக்கல் எல்லாம் மாலை ஆறு மணிக்கு. உடம்பு பழகிய நேரம் அது. வாய் வறளும், எரிச்சல் வரும், ஒன்றுமில்லாத விஷயத்துக்குச் சண்டை மூளும். அந்த நேரத்துக்கு நன்றாகத் தித்திப்புப் போட்ட டீ, வயிறு நிறைய சுண்டலோ பஜ்ஜியோ, அப்புறம் ஒரு கூட்டம். ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், நம் ஆட்கள் ஏ.ஏ. என்பார்கள், 1935-இல் அமெரிக்காவில் குடியிலிருந்து மீண்ட இரண்டு பேர் தொடங்கியது. கட்டணம் இல்லை, குடியை விட வேண்டும் என்ற விருப்பம் ஒன்றே சேருவதற்குத் தகுதி. தமிழிலேயே கூட்டங்கள் நடக்கின்றன. பக்கத்து ஊர்க் கூட்டத்துக்கு வாரம் ஒருமுறை எல்லோரும் சேர்ந்து போய்வரலாம். பல வருடம் குடிக்காமல் இருக்கிற ஒருவர், “இன்னிக்கு ஒரு நாள் குடிக்க மாட்டேன், நாளைக்கு விஷயம் நாளைக்கு” என்று தன் கதையைச் சொல்லும்போது, நம்முடைய எந்த அறிவுரைக்கும் நிமிராத தலை நிமிர்வதைப் பார்த்திருக்கிறேன். ஆனால் கூட்டத்தில் பேசு என்று கட்டாயப்படுத்த வேண்டாம். சாமி கும்பிடவும் கட்டாயப்படுத்த வேண்டாம். கோயிலுக்கோ தர்காவுக்கோ வேளாங்கண்ணிக்கோ போக விரும்புகிறவர் போய்வரட்டும்.

சாதியைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் நான் நேர்மையாக எழுதியதாக ஆகாது. நம் ஊரில் “எந்தத் தெரு?” என்று கேட்டாலே என்ன கேட்கிறார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். எல்லோரும் ஒரே நடைமேடையில் படுத்திருந்தவர்கள்தான். ஆனால் கூரைக்குக் கீழே வந்த மறுவாரமே தட்டும் தம்ளரும் பிரிய ஆரம்பிக்கலாம். கழிவறை கழுவுவது யாரோ ஒருவர் தலையில் நிரந்தரமாக விழும். முதல் நாளிலிருந்தே சமையல், பெருக்கல், கழிவறை எல்லாவற்றுக்கும் முறைப்பட்டியல் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். நடத்துகிற உங்கள் பெயரும் அதில் இருக்கட்டும். தெரு கேட்கிற பழக்கத்தை விதியாகவே தடுத்துவிடுங்கள்.

அடையாள அட்டை வேலையை மருத்துவமனையில் இருக்கும்போதே தொடங்கலாம். ஆதார் முன்பே எடுத்தவர் எண் மறந்திருந்தால், ஆதார் சேவை மையத்தில் கைரேகையோ கருவிழியோ வைத்துத் தேடிப்பார்க்கலாம். சிமெண்ட் வேலை செய்தவர்களுக்கு ரேகை தேய்ந்துபோயிருக்கும், கருவிழிதான் கைகொடுக்கும். அதன்பின் வங்கிக் கணக்கு, அமைப்புசாராத் தொழிலாளர் நல வாரியப் பதிவு. அசல் அட்டைகளை இல்லத்தின் அலமாரியில் பூட்டிவைக்காதீர்கள், நகல் மட்டும் எடுத்துக்கொண்டு அசலை அவரிடமே கொடுங்கள். அட்டையைப் பிடித்துவைத்தால் அவரையே பிடித்துவைத்த மாதிரிதான்.

வேலை விஷயத்தில் அவசரம் வேண்டாம், தாமதமும் வேண்டாம். முதல் மாதம் வீட்டு வேலை, தோட்டம் போதும். அப்புறம் கூலிக்குப் போக வேண்டும், கூலி அவர் கணக்கில் விழ வேண்டும். இல்லத்துக்காகச் சம்பளமில்லாமல் உழைக்கவைத்து அதைத் தொழில்வழிச் சிகிச்சை என்று அழைப்பது அநியாயம். நெல் கொள்முதல் நிலையத்தில் மூட்டை தூக்கும் வேலையில் கூலி நல்லதுதான், ஆனால் பல இடங்களில் வேலை முடிந்ததும் சேர்ந்து குடிப்பது வழக்கமாகவே இருக்கிறது. முதல் வருடத்தில் அது வேண்டாம். கட்டட வேலையில் சனிக்கிழமைச் சம்பளமும் அப்படித்தான். எனக்குத் தெரிந்து நன்றாக ஒத்துவந்தது விடியற்காலை வேலைகள்: திருவையாறு பக்கம் வாழை இலை அறுத்துக் கட்டுவது, பூக்கட்டு, ஓட்டலில் காலை டிபன் சமையல். விடியற்காலை எழ வேண்டும் என்றால் இரவு சீக்கிரம் படுத்தாக வேண்டும். மதியம் பன்னிரண்டுக்குக் கடை திறக்கும்போது உடம்பு அசந்து தூக்கம் கேட்கும்.

இப்போது நீங்கள் கேட்காத, ஆனால் கட்டாயம் வரப்போகிற கேள்வி. நான்கு மாதம் நன்றாக இருந்தவர் தீபாவளிக்கு முதல் நாள் குடித்துவிட்டு வந்து வாசலில் நிற்கிறார். என்ன செய்வது? பல இல்லங்களில் மூட்டையை வெளியே எறிந்துவிடுவார்கள். மற்றவர்களுக்குப் பாடம் என்பார்கள். வீடில்லாதவருக்கு அந்தப் பாடத்தின் பொருள் பழைய நடைமேடைதான். குடிநோயில் ஸ்லிப் ஆவது நோயின் ஒரு பகுதி. சர்க்கரை ஏறிய நோயாளியை யாரும் மருத்துவமனையிலிருந்து துரத்துவதில்லை. அதே சமயம் உள்ளே இருக்கிற மற்ற ஒன்பது பேரின் பாதுகாப்பும் உங்கள் பொறுப்பு. என் வழக்கம் இது: போதையோடு வந்தவர் அன்று இரவு கூடத்துக்குள் வரக் கூடாது, வாசல் பக்கத்து அறையில் பாய், சோறு, தண்ணீர், கூட ஓர் ஆள். வாந்தி மூச்சுக்குழாயில் போகாமல் ஒருக்களித்துப் படுக்கவைக்க வேண்டும். காலையில் யாரும் திட்டக் கூடாது. மருத்துவரிடம் போக வேண்டும். கட்டில் அவருக்காக ஒரு வாரம் காலியாகவே இருக்கும். அடிதடி செய்தவர், உள்ளே பாட்டில் கொண்டுவந்து மற்றவருக்குக் கொடுத்தவர், இந்த இரண்டு பேரை மட்டும் வேறு இடம் பார்த்து அனுப்புவோம். அப்போதும் வேறு இடம் பார்த்துத்தான். நியூயார்க்கில் 1992-இல் தொடங்கிய ஒரு அமைப்பு, குடியை விட்டால்தான் வீடு என்ற நிபந்தனையையே எடுத்துவிட்டு முதலில் வீட்டைக் கொடுத்தது; அப்படிக் கொடுத்தவர்களில் பெரும்பாலோர் வீட்டைத் தக்கவைத்துக்கொண்டார்கள். அதை அப்படியே இங்கே செய்ய நமக்கு வசதி இல்லை. கதவைச் சாத்தாமல் இருக்கவாவது அதிலிருந்து கற்றுக்கொள்ளலாம்.

தீபாவளி, பொங்கல், ஆடிப்பெருக்கு, உள்ளூர்த் திருவிழா, இந்த நாட்களுக்கு முன்கூட்டியே ஏற்பாடு வேண்டும். எல்லோரும் குடும்பத்தோடு இருக்கிற நாளில்தான் இவர்களுக்கு மனசு அறுக்கும். அன்றைக்கு வடை பாயசத்தோடு சமையல், சேர்ந்து சாப்பாடு, புதுத் துணி, இரவு வரை ஆட்கள் கூட இருப்பது, எல்லாம் தேவை.

மருந்து பற்றி ஓர் எச்சரிக்கை. குடித்தால் உடம்பு ஏற்றுக்கொள்ளாமல் செய்கிற டைசல்ஃபிரம் மாத்திரையை, அவருக்குத் தெரியாமல் சாம்பாரில் கலந்து கொடுங்கள் என்று யோசனை சொல்ல ஆட்கள் வருவார்கள். ‘குடிப்பவருக்குத் தெரியாமல் கொடுக்கலாம்’ என்று விளம்பரம் செய்கிற பொடிகளும் உண்டு. அந்த மாத்திரை உடம்பில் இருக்கும்போது குடித்தால் ரத்த அழுத்தம் சரிந்து இதயத்துக்கே ஆபத்து வரலாம். தெரிந்து, சம்மதித்து, மருத்துவர் மேற்பார்வையில் எடுத்தால்தான் அது மருந்து. குடி நின்று பல வாரம் ஆகியும் காதில் குரல் கேட்பது, சந்தேகம் என்று இருந்தால் அடியில் வேறு மனநோய் இருக்கலாம். தெருவில் இருக்கும் மனநோயாளிகளுக்கென்று புதுக்கோட்டை போன்ற இடங்களில் அரசு உதவியோடு மீட்பு மையங்கள் இயங்குகின்றன, அங்கே கேட்கலாம்.

குடும்பத்தைத் தேடிக் கண்டுபிடித்துச் சேர்த்துவைப்பதுதான் வெற்றி என்று நினைத்து ஓடாதீர்கள். முதல் மாதத்தில் அவரே தம்பி நம்பர், மச்சான் நம்பர் என்று ஒன்றைச் சொல்லிப் பார்ப்பார். எண்ணினால் ஒன்பது இலக்கம்தான் இருக்கும், பத்தாவது நினைவில் வராது. அவர் கேட்டால் தேடுங்கள். கிடைத்தால் முதலில் நீங்கள் பேசுங்கள், அவர் எங்கே இருக்கிறார் என்பதை அவர் அனுமதி இல்லாமல் சொல்லாதீர்கள். அந்தப் பக்கத்தில் அவர் கையால் அடிபட்ட ஒரு பெண் இருக்கலாம். “உசிரோட இருக்காருன்னு தெரிஞ்சா போதும், இங்க வர வேண்டாம்” என்று அந்தப் பெண் சொன்னால், அது அவருடைய உரிமை. சமாதானம் பேசப் போகாதீர்கள். மகள் கல்யாணத்துக்கு வந்து தூரத்தில் நின்று பார்த்துவிட்டுப் போக அனுமதி கிடைத்ததே பெரிது என்று இருக்கிறவர்களும் உண்டு.

பணம். நம் பக்கத்தில் அரிசி கிடைத்துவிடும். ரைஸ் மில்காரர்கள் கேட்டவுடன் மூட்டை இறக்குவார்கள், காய்கறி வந்துவிடும், பிறந்தநாளுக்குப் பிரியாணி வரும். இரவில் விழித்திருந்து பார்த்துக்கொள்கிற இரண்டு பணியாளர்களின் சம்பளத்துக்குத்தான் யாரும் பணம் தர மாட்டார்கள். இல்லம் நிலைப்பதும் மூடுவதும் அதைப் பொறுத்தே. அதனால் அன்னதானம் செய்ய வருகிறவரிடம், “ஒரு வேளைச் சாப்பாட்டுக்குப் பதிலா ஒரு வாரச் சம்பளத்தை ஏத்துக்கிறீங்களா ஐயா?” என்று கூச்சப்படாமல் கேளுங்கள். ஒரு வருடச் சம்பளம் கையில் இல்லாமல் முதல் ஆளைச் சேர்க்காதீர்கள். பாபநாசம் வீட்டையும் இப்போதே தானமாக வாங்கிக்கொள்ள வேண்டாம், மூன்று வருடக் குத்தகைப் பத்திரமாகப் பதிவு செய்யுங்கள். அக்கம்பக்கத்தாரிடம் முதலில் போய்ப் பேசுங்கள். என்ன வேலை நடக்கிறது, புகார் இருந்தால் யாரைக் கூப்பிடுவது என்று சொல்லி, ஒரு கைபேசி எண்ணையும் கொடுத்துவிட்டு வாருங்கள்.

கடைசியாக, விட விரும்பாதவர்கள். நீங்கள் சாப்பாடு போடுகிறவர்களில் அவர்கள்தான் அதிகம் இருப்பார்கள். குடியை விட்டால்தான் சோறு என்று சொல்லிவிடாதீர்கள். சாப்பாடு கொடுக்கும்போது காலில் புண் இருக்கிறதா, இருமல் எத்தனை நாளாக இருக்கிறது, கண் மஞ்சளாக இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே வாருங்கள். மருத்துவரைக் கேட்டு பி1 மாத்திரை தொடர்ந்து கிடைக்க வழி செய்யுங்கள். வேண்டாம் வேண்டாம் என்றவர், திடீரென்று ஒரு இரவு, “நாளைக்குக் கூட்டிட்டுப் போறீங்களா?” என்று கேட்பார். அடுத்த வாரம் பார்க்கலாம் என்றால் அந்த மனசு அதற்குள் போய்விடும். மறுநாள் காலையிலேயே அவரோடு கிளம்பி அன்று முழுவதும் வார்டில் நிற்கக்கூடிய இரண்டு பேர் ஒவ்வொரு வாரத்துக்கும் யார் யார் என்று முன்கூட்டியே எழுதிவைத்துக்கொள்ளுங்கள்; போகவர ஆட்டோ காசையும் தனியே எடுத்துவைத்துவிடுங்கள்.